ஹகோபே விழமாட்டாள்

யோனாகோ
நவம்பர் 18

அன்ஸாய்-சான்,

கணினி வரையும் நம் ஹகோபே டிசம்பர் 28ஆம் தேதி யோகோஹாமா அரங்கின் திரையில் மறுபடியும் ஆடுகிறாள். நேற்று மாலை நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் அறிவிப்பு வந்தது. உண்மைதானா என்று இளைய ஆட்டக்காரி மோயேவைத் தொலைபேசியில் கேட்டேன்.

"ஆமா கனாயே-சான். இந்தத் தடவை உள்ள நான்தான். உங்ககிட்ட மட்டும் சொல்லவே கூடாதுன்னாங்க" என்றாள்.

"அதே மென்பொருளா?"

"அதேதான். ஒரு எழுத்துகூட மாத்தலையாம். நல்லாத்தானே ஓடுதுன்னு சொல்றாங்க."

குளிர் வந்துவிட்டது, உடல்நலம் எப்படி என்று கேட்டுக் கடிதத்தைத் தொடங்குவது நம் ஊர் மரியாதை. அந்த மரியாதையை இந்தக் கடிதத்தில் எதிர்பார்க்காதீர்கள். அலுவலகச் செயலியில் எழுதினால் வக்கீல் படிப்பார், உங்கள் எண்ணை என் தொலைபேசியில் நானே தடுத்துவிட்டேன். அதனால்தான் தாள்.

அக்டோபர் 12ஆம் தேதி நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஆனாலும் எழுதி வைக்கிறேன், ஏனென்றால் வேறு எங்கும் அது எழுதப்படவில்லை. கடைசிக்கு முந்திய பாட்டின் நடுவில் என் இடது குதிகால் தசைநாண் அறுந்தது. அந்தப் பாட்டின் மீதியும் கடைசிப் பாட்டும் முழுக்க, மேடைக்குப் பின்னால், அவளுக்காக நான் ஆடும் கறுப்புத் துணி சுற்றிய அந்த அறையில் நான் தரையில் கிடந்தேன். திரையில் ஹகோபே ஆடிக்கொண்டிருந்தாள். ஆடியது மட்டுமல்ல, குதித்தாள். உடை மாற்றிவிடும் செக்கினே-சான் தண்ணீர் எடுத்துக்கொண்டு துணியை விலக்கியபோதுதான் நான் கிடப்பது ஒரு மனிதப் பிறவிக்குத் தெரிந்தது.

இங்கே எனக்கு உடற்பயிற்சி தரும் இளைஞர் ஹகோபேவின் ரசிகர். போன வாரம் அவருடைய தொலைபேசியில் அந்தப் பதிவைக் காட்டினார். "கடைசிப் பாட்டுல இந்தக் குதிப்பைப் பாருங்க. மனுஷங்களால முடியுமா?" என்றார். "முடியாது" என்றேன். என் காலைக் கையில் பிடித்துக்கொண்டுதான் அவர் அதைக் கேட்டார். உள்ளே இருந்தவள் நான் என்று அவரிடம் சொல்ல முடியாது. உள்ளே யாரும் இல்லை என்பதுதானே நம் தொழிலின் முதல் விதி. ஒப்பனை அறையில் சோறு தின்னும்போதுகூட என்னை ஹகோபே-சான் என்றுதான் கூப்பிட்டார்கள்.

அந்தக் குதிப்பு ஜூலை ஒத்திகையில் நான் குதித்தது. அந்த வாரம் மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்தேன், வலது கை மடங்கவில்லை. பதிவிலும் மடங்கவில்லை. என்னுடைய பழைய காலை எடுத்து வைத்து அவளை ஆட்டியிருக்கிறீர்கள்.

மூன்று வருடம் உங்கள் சோதனைகளுக்கு உடம்பாக நின்றேன். அதற்குக் கூலியாக ஒரே ஒரு கேள்வி. மோயே விழுந்தால் ஹகோபே விழுவாளா? ஆம் அல்லது இல்லை.

கனாயே ஹோரி


தோக்கியோ, நெரிமா
நவம்பர் 22

ஹோரி-சான்,

இல்லை.

கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டேன். இனி நீங்கள் கேட்காததைச் சொல்கிறேன். மூன்று வருடம் சோதனைக்கு நின்றவருக்கு இது தெரிந்திருக்கும் என்று நினைத்தேன், ஆனால் உங்கள் கடிதம் அப்படிச் சொல்லவில்லை.

திரையில் ஒரு விநாடிக்கு அறுபது படங்கள் போக வேண்டும். ஒவ்வொன்றும் அந்தக் கணத்திலேயே பிறந்தாக வேண்டும். முன்கூட்டி வரைந்து வைக்கும் வேலை இல்லை இது. உங்கள் உடையில் ஒட்டிய புள்ளிகளைக் கேமராக்கள் பார்க்கின்றன. முதல் பகுதி அவற்றை வாங்குகிறது. இரண்டாவது, விட்டுப்போனதை நிரப்புகிறது. மூன்றாவது அதை ஹகோபேவின் எலும்புகளில் ஏற்றுகிறது. நான்காவது வரைகிறது. ஒரு பகுதி இன்னொன்றுக்காகக் காத்திருக்கக் கூடாது. காத்திருந்தால் உருவம் உறைந்துபோகும். முதல் வருடம் உறைந்ததே, நினைவிருக்கிறதா? ஒத்திகையில் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. "என்னைப் பொம்மை மாதிரி ஆக்கிட்டீங்களே" என்று நீங்கள்தான் உடையைக் கழற்றி எறிந்தீர்கள். அந்தக் கோபத்துக்குப் பதிலாகத்தான் இரண்டாவது பகுதியைக் கட்டினேன். கிழிந்த துணிக்குப் போடுவதுபோல் ஒரு ஒட்டு. கேமரா உங்களை இழந்தால், அதே பாட்டுக்கு, அதே தாளத்தில் நீங்கள் முன்பு ஆடியதை எடுத்து இடைவெளியில் தைக்கும். அன்று கேமராக்கள் உங்களை இழந்திருக்க வேண்டும். ஒட்டு தன் வேலையைச் செய்தது. சரியாகச் செய்தது.

இது உறுதியானது. எனக்குப் புரியாத ஒன்று இருக்கிறது, அதை உங்களிடம்தான் கேட்க வேண்டும்.

நீங்கள் பாடினீர்கள்.

முகத்துக்கு ஒட்டு கிடையாது. முகம் தலையில் மாட்டிய சிறு கேமராவிலிருந்து நேராக வருகிறது. கட்டுப்பாட்டு மேசையில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். ஹகோபேவின் வாய் ஒவ்வொரு சொல்லுக்கும் அசைந்தது. கண் சிரித்தது. குரல் எந்த இடத்திலும் உடையவில்லை. கடைசிப் பாட்டின் உச்ச ஸ்வரத்தை நீங்கள் இவ்வளவு சுத்தமாகப் பிடித்து நான் கேட்டதில்லை. தசைநாண் அறுந்து கிடப்பவர் அப்படிப் பாடுவார் என்று யார் நினைப்பது? ஒலிவாங்கி உங்கள் வாயருகே இருந்தது. ஒரு சொல் போதும். "விழுந்துட்டேன்" என்று சொல்லியிருந்தால் நான் மேசையைத் தாண்டிக் குதித்து வந்திருப்பேன். ஏன் சொல்லவில்லை?

தயாரிப்பாளர் குசுமி-சானும் இதையேதான் கேட்கிறார். "அவளே சொல்லலையே, நமக்கு எப்படித் தெரியும்?" என்கிறார். அவரோடு நான் ஒத்துப்போவது மிக அரிது.

கோபப்பட உங்களுக்கு உரிமை இருக்கிறது. எனக்கும் இருக்கிறது.

ரியோஹெய் அன்ஸாய்


யோனாகோ
நவம்பர் 25

அன்ஸாய்-சான்,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அக்காவின் சமையலறையில் ஒரு கிண்ணத்தை உடைத்தேன். கை தவறி உடையவில்லை. அக்கா, "கிண்ணம் என்னடி பண்ணிச்சு?" என்றாள். "'என் வேலையைச் சரியாச் செஞ்சேன்'னு அது சொல்லிச்சு" என்றேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன். கைகளை மேசைமேல் வைத்துக்கொண்டு படியுங்கள்.

பாட்டின் நடுவில் பின்னாலிருந்து யாரோ குதிகாலில் ஓங்கி உதைத்தார்கள். அப்படித்தான் இருந்தது. யார் என்று திரும்பிப் பார்த்தேன். கறுப்புத் துணிதான் இருந்தது. அடுத்த அடி வைக்கப் போனேன், கால் கேட்கவில்லை. முகம் தரையில் மோதாமல் பக்கவாட்டில் சரிந்தேன். அதற்குள் அடுத்த வரி வந்துவிட்டது.

அந்த அறையில் எனக்குத் திரை கிடையாது. தன்னையே பார்த்துக்கொண்டு ஆடினால் ஆட்டம் தாமதமாகிறது என்று முதல் வருடமே அதை எடுத்துவிட்டீர்கள். வெளியே என்ன தெரிகிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். நான் கையைத் தூக்கினால் அவள் கையைத் தூக்குவாள். நான் உட்கார்ந்தால் அவள் உட்காருவாள். நீங்கள்தான் சொன்னீர்கள், "நீங்க செய்யறது எல்லாம் அவ செய்வா" என்று. மூன்று வருடம் அதை நம்பித்தான் ஆடினேன். ஆகவே, நான் விழுந்தேன், அவளும் விழுந்தாள். மூவாயிரம் பேர் முன்னால் ஹகோபே தரையில் கிடக்கிறாள். அதைப் பார்த்துச் சின்னக் குழந்தைகள் பயந்துவிடக் கூடாதே என்றுதான் பாடினேன். கிடந்தபடியே சிரித்தேன். யாரோ வருவார்கள், இந்தப் பாட்டு முடிவதற்குள் இசையை நிறுத்துவார்கள் என்று பாடினேன்.

கைதட்டல் கேட்டது. அதுவரை நான் கேட்டிராத கைதட்டல். எனக்குத்தான் தட்டுகிறார்கள் என்று நினைத்தேன், அன்ஸாய்-சான். விழுந்தவளைத் தைரியப்படுத்துகிறார்கள் என்று நினைத்தேன். அந்த உச்ச ஸ்வரம் அப்படித்தான் வந்தது. கண்ணீர் விட்டுக்கொண்டு அதை எட்டினேன். அவர்கள் தட்டியது அந்தக் குதிப்புக்கு என்று இந்த மாதம் ஒரு தொலைபேசியின் சின்னத் திரையில்தான் தெரிந்துகொண்டேன்.

யாரும் வரவில்லை. கடைசிப் பாட்டும் ஆரம்பித்தபோது, என்னைப் பார்த்தும் நிறுத்தாமல் போகிறார்கள், நிகழ்ச்சிதான் அவர்களுக்கு முக்கியம் என்று புரிந்துகொண்டேன். அதற்கும் பணிந்து பாடினேன்.

கேமராக்கள் என்னை "இழந்திருக்க வேண்டும்" என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்க வேண்டுமா? நீங்கள் பார்க்கவே இல்லையா? ஆறு வாரத்தில் ஒருநாள்கூட அன்றைய பதிவைத் திறந்து பார்க்கவில்லையா? அதைப் பார்க்காமல் "சரியாகச் செய்தது" என்று எப்படி எழுதினீர்கள்?

பார்த்துவிட்டு எழுதுங்கள். பார்க்கவில்லை என்றால் எழுதாதீர்கள்.

கனாயே


தோக்கியோ, நெரிமா
டிசம்பர் 1

ஹோரி-சான்,

பார்த்தேன்.

முந்தைய கடிதத்தில் நான் எழுதியது தவறு. கேமராக்கள் உங்களை இழக்கவில்லை. நீங்கள் விழுந்த கணத்திலிருந்து செக்கினே-சான் துணியை விலக்கும்வரை, உடையில் இருந்த எல்லாப் புள்ளிகளும் கேமராக்களுக்குத் தெரிந்தன. நீங்கள் திரும்பிப் பார்த்ததுகூட இருக்கிறது. பக்கவாட்டில் சரிந்ததும், முழங்கையை ஊன்றியதும், அடுத்த வரிக்கு மூச்சு எடுக்க மார்பு ஏறியதும் ஒன்றுவிடாமல் இருக்கிறது. வெறும் புள்ளிகளாக, கறுப்புப் பின்னணியில்.

முதல் பகுதி அதை வாங்கி இரண்டாவதுக்குக் கொடுத்தது. ஒட்டு அதைப் பார்த்து, இது பிழை என்று முடிவுகட்டி, தூக்கிப்போட்டது. தான் அறிந்த ஆட்டங்கள் எதிலும் உடம்பு தரையில் கிடந்ததில்லை. அதனால் கிடக்கும் உடம்பை அது உடம்பாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அதற்கு ஜூலை மாதத்து நீங்கள் நிஜம், அன்றைய நீங்கள் பிழை.

ஏன் அறிந்ததில்லை என்று தேடினேன். மூன்று வருடப் பதிவுகளில் நீங்கள் தடுமாறியது, வழுக்கியது, முழங்கால் மடங்கியது எதுவும் இல்லை. எல்லாவற்றையும் அன்றன்றே அழித்திருக்கிறோம். தவறிய ஆட்டத்தைக் கையோடு அழிப்பதுதானே எல்லா ஸ்டூடியோவிலும் வழக்கம். "அதை அழிச்சிடுங்க, அசிங்கமா இருக்கு" என்று நீங்கள் சொல்வீர்கள், நான் அழிப்பேன். உங்கள்மேல் பழி போடுவதற்காக எழுதவில்லை. நடந்தது அது என்பதால் எழுதுகிறேன்.

குசுமி-சானிடம் போனேன். புள்ளிகளைக் காட்டினேன். முழுவதும் பார்த்தார், அதை மறுக்க மாட்டேன். பிறகு சொன்னார், "பாவம்தான். ஆனா அன்ஸாய், இதைத்தானே நாம வாங்கிக்கிட்டோம்? எது நடந்தாலும் ஹகோபே விழமாட்டா. அதுக்குத்தானே உன் மென்பொருள்?"

"உள்ள ஒருத்தி கிடந்தா."

"உள்ள யாரும் இல்ல. அந்தப் பேச்சை இந்தக் கட்டடத்துல எடுக்காதே."

வெளியே வந்து மாடிப்படியில் நின்று சுவரைக் காலால் உதைத்தேன். பெருவிரலில் இன்னும் வலிக்கிறது. உங்களிடம் சொல்லத்தக்க வலி இல்லை அது.

என்னால் உடனே செய்ய முடிந்தது இது: கட்டுப்பாட்டு மேசையில் ஒரு சிவப்பு விளக்கு. ஒட்டு ஒரு விநாடிக்கு மேல் தொடர்ந்து வேலை செய்தால் எரியும். 28ஆம் தேதிக்குள் முடித்துவிடலாம். குசுமி-சான் இதற்குச் சம்மதித்துவிட்டார்.

இது போதுமா என்று கேட்கிறேன்.

அன்ஸாய்


யோனாகோ
டிசம்பர் 4

அன்ஸாய்-சான்,

குசுமி உடனே சம்மதித்தார் என்றால் அது போதாது. இதைக்கூடவா நான் சொல்லித்தர வேண்டும்?

விளக்கு எரியும். மேசையில் மூன்று பேர் இருப்பீர்கள். குசுமி பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். ஒத்திகையில் யாராவது குறுக்கே போனால் எரியும், மோயே குனிந்தால் எரியும். இரண்டாம் நாளே ஒருவன், "இது சும்மா சும்மா எரியுது சார்" என்று அதன்மேல் ஒரு காகிதத்தை ஒட்டுவான். நிஜமாக எரியும்போது குசுமி, "பாட்டு முடியட்டும்" என்பார். விளக்கு உங்களுக்கு மட்டும் தெரியும். உங்களுக்கு மட்டும் தெரிவதை நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆறு வாரம் திறக்காமல் வைத்திருப்பீர்கள்.

விளக்கு வேண்டாம். மோயே விழுந்தால் ஹகோபே விழ வேண்டும். மூவாயிரம் பேர் முன்னால் விழ வேண்டும். அப்போதுதான் யாராவது துணியை விலக்குவார்கள். அவளுக்கு ஒன்று ஆனால்தான் இந்தத் தொழிலில் எங்களுக்கு ஒன்று ஆனதாகக் கணக்கு. அவளுக்கு ஒன்றும் ஆகாது என்று நீங்கள் கட்டிவைத்தால் எங்களுக்கு எது ஆனாலும் யாருக்கும் தெரியாது.

அழிச்சிடுங்க என்று நான் சொன்னேன் என்கிறீர்கள். சொன்னேன். ஆடுகிறவள் அப்படித்தான் சொல்வாள். தடுமாறிய ஆட்டத்தை வைத்துக்கொள்ளச் சொல்லும் ஆட்டக்காரி எங்கும் இல்லை. கண்ணாடி பார்த்துத் தலை வாருகிறவள் கலைந்த முடியைக் காட்டவா சொல்வாள்? ஆனால் ஒரு இயந்திரத்துக்கு மனித உடம்பு என்றால் என்ன என்று கற்றுக்கொடுக்கும் வேலை உங்களுடையது. என் வெட்கத்தைக் கேட்டா அதைக் கட்டுவீர்கள்? பழி போடவில்லை என்று எழுதிவிட்டு அடுத்த வரியிலேயே அதைப் போட்டுவிட்டீர்கள்.

விழுவதற்கான பதிவு இல்லை என்பதுதான் சிக்கல் என்றால், விழுங்கள். அந்த உடையை மாட்டிக்கொண்டு நீங்கள் விழுங்கள். ஐம்பத்திரண்டு வயதில், அந்த நூடுல்ஸ் தொப்பையோடு, தரையில் மடேரென்று விழுந்து பாருங்கள். முதல் தடவை கையை எங்கே வைப்பது என்று தெரியாது. விழுந்த பிறகு எழுவதற்கு முன்னால் ஒரு நிமிடம் அங்கேயே கிடங்கள். யாராவது வருகிறார்களா என்று காத்திருங்கள்.

நேற்று மோயே பேசினாள். ஒத்திகை நன்றாகப் போகிறதாம். "எனக்குப் பயமே இல்ல, என்ன ஆனாலும் ஒட்டு பார்த்துக்கும்னு சொல்லியிருக்காங்க" என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள். இருபத்திரண்டு வயது.

அவளிடம் என்ன சொல்லட்டும்?

கனாயே


தோக்கியோ, நெரிமா
டிசம்பர் 11

ஹோரி-சான்,

விழுந்தேன்.

ஸ்டூடியோவில் மெத்தை விரித்து, உங்கள் உடையின் பெரிய அளவு ஒன்றை மாட்டிக்கொண்டு, சனி ஞாயிறு இரண்டு நாளும் விழுந்தேன். முன்னால், பின்னால், பக்கவாட்டில், முழங்கால் மடங்கி, தலை சுற்றுவதுபோல். திரையில் ஹகோபே என் உடம்போடு விழுந்தாள். என் குழுவில் இரண்டு பேர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார்கள். "ஹகோபே-சான் கடைசி ரயிலை விட்டுட்டாங்க போல, நல்லா சரக்கு ஏத்திக்கிட்டு வர்றாங்க" என்றான் ஒருவன். நீங்கள் சொன்னபடி எழாமல் கிடந்தேன். அவர்கள் திரையைப் பார்த்துத்தான் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் நாலடி தூரத்தில் கிடந்தேன். ஒருவரும் திரும்பவில்லை. அப்போது வந்த கோபத்தில் அவர்களைத் திட்டித் தீர்த்துவிட்டேன். எதற்குத் திட்டுகிறேன் என்று அவர்களுக்குப் புரியவில்லை.

செய்த மாற்றம் இதுதான். முன்பு ஒட்டு தைத்ததையும் நிஜத்தையும் அடுத்த பகுதிகளால் பிரித்தறிய முடியாது. ஒட்டு கொடுப்பதையெல்லாம் நிஜம் என்றே வாங்கிக்கொள்ளும். இப்போது ஒவ்வொரு படத்தோடும், இது இந்தக் கணத்து உடம்பா, பழைய உடம்பா என்ற அடையாளம் கடைசிவரை கூடவே போகும். தரையில் கிடப்பது இனிப் பிழை இல்லை. விழுந்தால் விழுந்தபடியே போகும். கேமராக்கள் நிஜமாகவே இழந்து, பழைய உடம்பு ஒரு விநாடிக்கு மேல் நீடித்தால், வரையும் பகுதி அவளை நிற்கவைத்து வரையாது. நான் விழுந்த பதிவைப்போல் அவள் சரிந்து கிடப்பாள், இரண்டிலும் இசை தணியும். இது தனியாகச் சேர்த்த துண்டு இல்லை, நான்கு பகுதிகளுக்குள்ளும் ஓடுகிறது. பிடுங்கினால் ஹகோபேவே வரமாட்டாள். மேசையில் இதற்குப் பொத்தான் கிடையாது. மறந்துபோய் விடவில்லை.

நேற்று முழு ஒத்திகை. மோயேவிடம் முன்பே பேசிவைத்திருந்தேன். இரண்டாவது பாட்டின் நடுவில் அவள் சரிந்து படுத்தாள். திரையில் ஹகோபேவும் படுத்தாள். இசை அடங்கியது. அரங்கைப் பெருக்கிக்கொண்டிருந்த அம்மாகூட நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன ஆச்சு? அவளை எழுப்பு" என்றார் குசுமி-சான்.

"எவளை?"

"விளையாடாதே அன்ஸாய். அதோ கிடக்கிறாளே, அவளை."

"இங்கேயிருந்து முடியாது. உள்ள போய் மோயேவுக்குக் கை கொடுத்துத் தூக்குங்க. இவளும் எழுந்துடுவா."

"பொத்தான் எங்க?"

"இல்லை."

"இல்லைன்னா?"

"வைக்கலை."

அவர் மேசையிலிருந்த மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. "ஒரு கோடிப் பேர் பார்க்கிற உருவத்தை உன் சொந்தக் கோபத்துக்குக் கீழே தள்ளியிருக்கே" என்றார். "என் கோபம் இல்லை. கடன் வாங்கினது" என்றேன். செக்கினே-சான் யாரையும் கேட்காமல் நடந்துபோய்க் கறுப்புத் துணியை விலக்கினார். மோயே படுத்தபடியே கையை ஆட்டினாள். ஹகோபேவும் படுத்தபடியே கையை ஆட்டினாள்.

இன்று காலை என்னை 28ஆம் தேதிப் பணியிலிருந்து நீக்கிவிட்டார்கள். ஸ்டூடியோவுக்குள் போகும் அட்டையையும் வாங்கிக்கொண்டார்கள். புதியதையே ஓட்டுவதா, அக்டோபரில் ஓடிய பழையதை மறுபடி ஏற்றுவதா என்று நிர்வாகக் குழு 19ஆம் தேதி முடிவு செய்யும். பழையது அழியவில்லை. ஏற்ற அரை மணி போதும். இதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

மோயேவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். புள்ளிகளையும் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை.

அன்ஸாய்


யோனாகோ
டிசம்பர் 14

அன்ஸாய்-சான்,

இதைப் படித்ததும் நான் மன்னித்துவிடுவேன் என்று எதிர்பார்த்திருந்தால், இல்லை. அக்டோபர் 12ஆம் தேதி அந்த மேசையில் நீங்கள் இருந்தீர்கள். இன்றைக்கு நீங்கள் செய்திருப்பது அன்றைக்கே இருந்திருக்க வேண்டியது.

மோயே நீங்கள் விழுந்த பதிவை எனக்கு அனுப்பினாள். அனுப்பக் கூடாதுதான், அனுப்பினாள். மிக மோசம். கேமரா இழக்கும்போது சரிவது உங்கள் உடம்பா? முதலில் கையை ஊன்றுகிறீர்கள், பிறகு பின்புறம். ஆடுகிறவள் அப்படி விழமாட்டாள். அவள் முகத்தைக் காப்பாற்றுவாள், தோளைக் கொடுப்பாள், காலைக் கடைசிவரை விடமாட்டாள். முதல் வரிசை ரசிகன் உங்கள் விழுதலைப் பார்த்தால் வேடிக்கை காட்டுகிறாள் என்று கைதட்டுவான். அந்தக் கைதட்டலை நான் கேட்டது போதும். பார்த்த உடனே இவளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அவன் எழுந்து நிற்க வேண்டும். அந்தப் பதிவுகளைத் தூக்கி எறியுங்கள். இல்லை, எறியாதீர்கள். எதையும் இனி எறியாதீர்கள். ஆனால் ஓட்டாதீர்கள்.

மோயே விழட்டும். எப்படி என்று நான் சொல்லித்தருகிறேன். மெத்தைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டால் போதும், என்னால் உட்கார முடியும். ரயிலில் அவ்வளவு தூரம் வரலாமா என்பதை 16ஆம் தேதி மருத்துவர் பார்த்துச் சொல்வார். அவர் வேண்டாம் என்றால் தொலைபேசி வழியாகக் கத்துகிறேன். உங்களிடம் அட்டை இல்லை என்றால் செக்கினே-சானிடம் இருக்கிறது. அவரிடம் பேசிவிட்டேன். "கதவைத் திறக்கிறதுதானே, அதுக்கென்ன" என்றார். உங்கள் எண்ணையும் தொலைபேசியில் திறந்துவிட்டேன். வேலைக்கு மட்டும். நலம் விசாரிக்கக் கூப்பிடாதீர்கள்.

இன்னொன்று. நேற்று குசுமி-சானுக்கு விரைவுத் தபாலில் ஒரு கடிதம் எழுதினேன். 19ஆம் தேதி பழையதை ஏற்ற முடிவு செய்தால், 20ஆம் தேதி காலை ஹகோபேவுக்குள் மூன்று வருடம் இருந்தவள் நான் என்று என் முகத்தோடும் பெயரோடும் சொல்வேன் என்று எழுதியிருக்கிறேன். அன்று தரையிலிருந்து யார் பாடியது என்பதையும் சொல்வேன். ஒப்பந்தத்தை மீறுவது அது. வழக்குப் போடுவார்கள். இனி எந்த ஸ்டூடியோவும் என்னை உள்ளே விடாது. ரசிகர்களில் பாதிப் பேர், கனவைக் கெடுத்தவள் என்று என்னைத்தான் திட்டுவார்கள். எனக்கு உடற்பயிற்சி தரும் அந்த இளைஞரும் திட்டலாம். அதையெல்லாம் யோசித்துவிட்டேன். அக்கா அழுதாள். பிறகு தபால்தலையை அவளேதான் ஒட்டினாள்.

இன்று மதியம் அவருடைய உதவியாளர் கூப்பிட்டார். கடிதம் கிடைத்தது என்று மட்டும் சொன்னார். படித்துவிட்டாரா என்று கேட்டேன். "படிச்சாரு." "என்ன சொன்னாரு?" "கதவைச் சாத்திக்கிட்டாரு."

நிர்வாகக் குழுவில் எட்டுப் பேர், யார் எந்தப் பக்கம் என்று மோயேவுக்கும் தெரியவில்லை. 28ஆம் தேதி மாலை ஆறு மணிக்கு அவள் அந்த அறைக்குள் போவாள், போகாமல் இருக்கமாட்டாள், அவள் வயதில் நானும் போயிருப்பேன். அவள் விழுந்தால் யாருக்குத் தெரியும் என்பது இன்றுவரை முடிவாகவில்லை. 19ஆம் தேதி மாலை முடிவு வரும்.

கனாயே ஹோரி